அந்த 94 சதவீதம் யாருடையது?

சித்தப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஒரு வருஷத்துக்கு மேலாக விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் வகை. "94 சதவீதம் நுரையீரல் சிரையிலிருந்துதான் வருது, அங்கே சுட்டா சரியாயிடும்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த எண்ணை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். போன வாரம்தான் மூலக் கட்டுரையை உட்கார்ந்து படித்தேன். பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ஹைசாகேர் குழு 1998-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது.

அதுவரை காக்ஸின் 'மேஸ்' அறுவையைப் பின்பற்றி, ஏட்ரியத்துக்குள் கதீட்டரால் கோடு கோடாகச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் செய்தது வேறு. பல மின்முனைகள் கொண்ட கதீட்டர்களை உள்ளே வைத்துவிட்டு, கோளாறு தானாக ஆரம்பிக்கும் தருணத்துக்குக் காத்திருந்தார்கள். எந்த முனையில் சமிக்ஞை முதலில் வந்தது? அந்தப் பக்கம் கதீட்டரை நகர்த்து, மறுபடி காத்திரு. இப்படி 69 புள்ளிகள். அதில் 65 நுரையீரல் சிரைகளுக்குள்ளே, 2 முதல் 4 செ.மீ. உள்ளே தள்ளி. இடது மேல் சிரையில் மட்டும் 31. அந்த இடங்களைச் சுட்டபின், 45 பேரில் 28 பேருக்குச் சராசரியாக எட்டு மாதக் கண்காணிப்பில் கோளாறு திரும்பவில்லை. பொறுமையான, நேர்மையான வேலை. கட்டுரைமேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது.

என் சண்டை அதை மேற்கோள் காட்டுகிறவர்களோடு. அந்த 45 பேர் யார்? மருந்துக்கு அடங்காதவர்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 344 நிமிடம் ஃபிப்ரிலேஷனில் இருந்தவர்கள். அடிக்கடி வந்து, அடிக்கடி நின்று, மறுபடி ஆரம்பிக்கிறவர்கள். மேசையில் படுத்திருக்கும்போதே ஆரம்பத்தைப் பிடிக்க அப்படிப்பட்டவர்கள்தானே வேண்டும்! ஆக 94 என்பது தூண்டும் புள்ளிகளின் கணக்கு. எத்தனை பேர் குணமாவார்கள் என்ற கணக்கு அல்ல. அது அதே கட்டுரையில் 62 சதவீதம்.

நிற்காமல் ஓடும் வகையில் பார்க்க ஆரம்பமே கிடையாது. அதனால் கோளாறைத் தொடர வைப்பது எது என்று தேடினார்கள். 64 மின்முனைக் கூடைக் கதீட்டர், சுழலும் வண்ண வரைபடம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. படம் பார்க்க அழகுதான். ஆனால் கூடையின் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, சில முனைகள் சுவரைத் தொடுவதே இல்லை. மிச்சத்தைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. முதலில் வந்த உற்சாகமான முடிவுகளைப் பின்னால் பல மையங்களால் திரும்பப் பெற முடியவில்லை.

கூடையை விடுங்கள். சிக்கலான சமிக்ஞை வரும் இடங்களையும் தேடிச் சுடும் பழைய முறையை 589 பேரிடம் சோதித்தது 2015-இல் வந்த ஸ்டார் ஏஎஃப் 2. சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தியவர்களில் 18 மாதத்தில் 59 சதவீதம் பேருக்கு ஃபிப்ரிலேஷன் திரும்பவில்லை. சிக்கலான சமிக்ஞை இடங்களையும் சுட்டபோது 49, கோடுகளையும் சேர்த்தபோது 46. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கூடுதல் சூட்டுக்கு லாபம் எதுவும் தெரியவில்லை.

சித்தப்பாவிடம் 59 என்றுதான் சொன்னேன். "அப்போ 94?" என்றார். அவருடைய ஈசிஜிகளை மேசையில் பரப்பினேன். பதினோரு தாள். கோளாறு ஆரம்பித்த கணம் ஒன்றில்கூட இல்லை.