பெரட்டுத் தப்பு

தப்புப் பறையின் அழகு அடிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வைக்கோலைக் கொளுத்தித் தோலை அனலில் காட்டுவார்கள், விரலால் ஒரு சுண்டு, மறுபடி அனல். மழையிலும் பனியிலும் ஊறி மந்தமாகக் கிடந்த தோல் திடீரென்று கணீரென்கும். அப்புறம்தான் குச்சிக்கு வேலை. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு வேறு அடி. கேட்டுப் பழகிய காது தோட்டத்து லயன் வீட்டு வாசலில் இருந்தபடியே சேதியைப் புரிந்துகொள்ளும்.

சேதி சொல்லும் தோலுக்கு அதிகாரம் அஞ்சிய கதையும் உண்டு. 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆப்பிரிக்க அடிமைகள் பறை முழக்கிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அவர்கள் பறையடிக்கச் சட்டம் தடை போட்டது. தாளம் கைக்கும் காலுக்கும் இடம் மாறிப் பிழைத்தது. பின்னாளில் புளூஸ், ஜாஸ் என்று அந்த நாட்டின் இசையாகவே ஆகிவிட்டது.

நம் தேயிலைத் தோட்டத் துரைமார் இன்னும் கெட்டிக்காரர்கள். இலங்கையில் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். தேயிலை பெருகிய மலைகளில் தப்பைத் தடுக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். விடியுமுன் ஆட்களை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்கு விரட்ட அடித்தது பெரட்டுத் தப்பு. சாமியை அழைத்த கருவிக்குக் கடிகார உத்தியோகம்!

அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தார்; 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானார்; அடுத்த ஆண்டே அவருடைய மலையக மக்களின் குடியுரிமை பறிபோனது. அவருடைய ஆங்கில நெடுங்கவிதையை சக்தீ பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார்.

கவிதையைவிட, அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களையே நான் உயரத்தில் வைப்பேன். கவிதையில் அம்மக்கள் துயரத்தின் உருவங்கள். பாடல்களில், வேலை வாங்கும் கங்காணியைக் கேலி செய்யும் வாயுள்ள மனிதர்கள். புளோரிடாவில் தான் வளர்ந்த ஈட்டன்வில்லுக்கே திரும்பிப்போய்க் கறுப்பின மக்களின் கதைகளைத் திரட்டி, 1935இல் நூலாக்கிய சோரா நீல் ஹர்ஸ்டன் செய்ததும் இதே வேலைதான். சொந்த வாசலில் உட்கார்ந்து கேட்பவருக்கே சனம் மனசு திறக்கும்.

கண்டி பெரஹரா ஊர்வலத்தில் 'கெட்ட பெரய' என்னும் சிங்கள மேளம் முழங்கும்போது என் காலும் தாளம் போடும், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த தேசிய மேடை, அதே மலைகளின் தப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். ரதி, மதன் வேஷங்களுக்காகக் காத்திராமல் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். தோல் காய்ச்சும்போது தீக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.