ஒளி சொந்தம், பெயர் இரவல்

மார்வெல் காமிக்ஸின் நாயகி மோனிக்கா ராம்போவுக்கு இதுவரை நான்கு பட்டப்பெயர்கள்: கேப்டன் மார்வெல், ஃபோட்டான், பல்சார், ஸ்பெக்ட்ரம். 1982-இல் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழின் 16-ஆம் ஆண்டுமலரில் ரோஜர் ஸ்டெர்னின் எழுத்திலும் ஜான் ரொமிட்டா ஜூனியரின் ஓவியத்திலும் அறிமுகமான இவள், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகக் காவல்படையின் லெப்டினன்ட். எக்ஸ் கதிர், காமா கதிர், புறஊதா, ரேடியோ அலை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் என எந்த வடிவத்துக்கும் உடலை மாற்றிக்கொள்வாள். நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறவளால் தன் பெயரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

காரணம், அமெரிக்க காமிக்ஸில் வேரூன்றிய ஒரு வழக்கம். ஒரு நாயகன் செத்தாலோ ஓய்ந்தாலோ அவனுடைய பட்டப்பெயரை இன்னொருவருக்குச் சூட்டிவிடுவார்கள். பெயர் கைமாறுவது காமிக்ஸுக்குப் புதிதல்ல. தமிழில் முகமூடி வீரர் மாயாவியாகப் பேர்பெற்ற ஃபேன்டம் 1936-இல் வந்தபோதே தலைமுறை தலைமுறையாக முகமூடி மாற்றிய வம்சத்தின் 21-ஆம் வாரிசு. ஆனால் அங்கே கைமாறுவதுதான் கதையின் கரு. மோனிக்காவுக்குக் கிடைத்த பெயரின் பூர்வீகமோ நீதிமன்றத்தில் இருக்கிறது.

1940-இல் ‘கேப்டன் மார்வெல்’ என்ற நாயகனைக் கொண்டுவந்தது ஃபாசெட் நிறுவனம். சூப்பர்மேனைப் பார்த்து அடித்த நகல் என்று போட்டி நிறுவனமான டிசி வழக்குப் போட, நெடுநாள் இழுபறிக்குப் பின் 1953-இல் ஃபாசெட் அவனைக் கைவிட்டது. கேட்பாரற்றுக் கிடந்த பெயரை 1967-இல் மார்வெல் நிறுவனம் எடுத்து, மார்-வெல் என்ற வேற்றுக்கிரக வீரனுக்கு வைத்தது. பின்னாளில் பழைய நாயகனை டிசி நிறுவனம் மீண்டும் அச்சேற்றியபோது அட்டையில் ‘ஷஸாம்!’ என்றுதான் தலைப்பிட முடிந்தது. வணிகக்குறி புழக்கத்தில் இருந்தால்தான் உரிமை நிலைக்கும். அதனால் 1982-இல் மார்-வெல் புற்றுநோயில் இறந்த கையோடு, அந்தப் பெயருக்கு ஆள் தேவைப்பட்டது. கதைக்குள் ஊடகங்கள் சூட்டியதாகச் சொல்லி, அதே ஆண்டில் மோனிக்காவுக்குக் கொடுத்தார்கள்.

இந்த வழக்கத்தால் அவளுக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. முன்பின் தெரியாத பெண் நாயகியின் பெயரைப் பார்த்து ஒரு வாசகன் கடையில் காசை எடுத்து வைப்பது கடினம். பழகிய பெயர் அந்தத் தயக்கத்தைப் போக்கியது. 1983-இல் அவெஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்தாள். 1987-இல் அதன் தலைவியானாள். ஒரு கறுப்பினப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. கேப்டன் அமெரிக்காவும் தோரும் அவள் உத்தரவுக்குக் காத்து நின்றார்கள்.

அந்தக் காட்சி நீடிக்கவில்லை. தலைமையிலிருந்து அவளை இறக்கும் கதைத் திட்டத்துக்கு உடன்பட மறுத்ததால் தான் எழுதிவந்த அவெஞ்சர்ஸ் இதழ் பறிபோனதாக ஸ்டெர்ன் பின்னாளில் பேட்டிகளில் கூறினார். பின்னர் எழுத வந்தவர் 1988-இல் அவளைக் கடலுக்கு அனுப்பினார். ராட்சத ஜந்துவைத் தாக்க அவள் மின்னலாக மாறுகிறாள். தவறிப்போய்க் கடல்நீரைத் தொட்டுவிடுகிறாள். மின்சாரம் தண்ணீரில் பரவுமே, அப்படியே சமுத்திரப் பரப்பெங்கும் சிதறுகிறாள். திரும்பி ஒன்றுசேர்ந்தபோது எஞ்சியது சக்தியற்று வற்றிச் சுருங்கிய உடம்பு. மின்சாரத்தின் இயல்பை அறிந்து எழுதப்பட்ட காட்சி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அறிவு அவளை வளர்க்கப் பயன்படாமல் அப்புறப்படுத்தப் பயன்பட்டது.

பிறகு மார்-வெல்லின் மகன் ஜெனிஸ் வந்தான். அப்பன் பெயர் பிள்ளைக்கு என்ற கணக்கில் 1996-இல் மோனிக்கா தானே விட்டுக்கொடுத்து ஃபோட்டான் ஆனாள். சில ஆண்டுகளில் ஜெனிஸ் அந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ள, அவள் பல்சார் ஆனாள். 2012-இல் கேப்டன் மார்வெல் பட்டம் இன்னொரு நாயகியான கேரல் டான்வர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு மோனிக்கா ஸ்பெக்ட்ரம். பெருந்தன்மை என்று கதை சொல்வதை, இடம் காலி செய்தல் என்றும் படிக்கலாம்.

பெயர் கையில் தங்கினாலும் நிம்மதி உறுதியில்லை. டிசியின் கிமியோ ஹோஷி அதற்குச் சாட்சி. 1985-இல் வந்த இந்த ஜப்பானிய வானியலாளரும் ஒளியை ஆள்பவள்தான். அவளுக்கு வாய்த்த ‘டாக்டர் லைட்’ என்ற பெயர் 1962 முதல் ஒரு வில்லனுடையது. 2004-இல் வெளிவந்த ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ தொடர் அந்த வில்லனைப் பாலியல் வன்கொடுமை செய்தவனாக்கியது. ஒரு பாவமும் அறியாத விஞ்ஞானியின் பெயரிலும் அந்தக் கறை படிந்தது.

ஆக, இந்த வழக்கம் புதுமுகத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. சாவியை நிறுவனமே வைத்துக்கொள்கிறது. மோனிக்காவைக் காப்பாற்றியது எந்தப் பட்டமும் அல்ல, அவளுடைய குணம். 2006-இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட்வேவ்’ நையாண்டித் தொடரில், அவெஞ்சர்ஸில் இருந்த நாட்களைப் பற்றிப் பேசியே சக வீரர்களை நொந்துபோக வைக்கும் தலைவியாக அவள் வருகிறாள். அந்தச் சலிப்பும் மிடுக்கும் வேறு யாருக்கும் பொருந்தாது. 2021-இல் ‘வாண்டாவிஷன்’ தொடரில் டெயோனா பாரிஸ் நடித்தபோதும், 2023-இல் ‘தி மார்வெல்ஸ்’ திரைப்படத்திலும் ரசிகர்கள் அவளை மோனிக்கா என்றே அறிந்தார்கள்.

அவள் பெயரில் ஐந்து இதழ்கள் கொண்ட தனிக் குறுந்தொடர் தொடங்கியது 2022 டிசம்பரில், அறிமுகமாகி 40 ஆண்டுகள் கழித்து. ஈவ் எல். யூயிங் எழுதிய அதன் தலைப்பு ‘மோனிக்கா ராம்போ: ஃபோட்டான்’. பட்டப்பெயர் இரண்டாவதாகத்தான் வருகிறது.