சரளி வரிசையும் குரல் வளமும்

கடையில் கணக்கெழுதும் எனக்குச் சங்கீதத்தில் பட்டம் கிடையாது, கேள்வி ஞானம்தான். சரளி, ஜண்டை வரிசைகளை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. அவற்றுக்குரிய மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம். அதில் ச-ரி, க-ம, ப-த, நி-ச இடைவெளிகள் ஒரே அளவு. முற்பாதி போலவே பிற்பாதியும். பிஞ்சுக் குரலுக்கு இதைவிட நல்ல ஏணி உண்டோ?

குறை, சொல்லிக்கொடுக்கும் அவசரத்தில் இருக்கிறது. என் பேத்தி மூன்று காலமும் மளமளவென்று ஒப்பித்தாள். ஒரே ஸ்வரத்தில் 'ஆ' என்று நிற்கச் சொன்னேன். "முடியலே தாத்தா" என்றாள். மூச்சு போதவில்லை, சுருதியும் விலகிற்று. தம்புராவோடு அகார சாதகம் செய்யாத வேகம் வெறும் வாய்பாடுதான். ஏழிசையில் முதலாவதற்கே 'குரல்' என்றுதான் நம் முன்னோர் பேர் வைத்தார்கள். முதலில் குரல், பிறகே காலம். பெற்றோரே, ஆண்டுவிழா மேடைக்காகப் பிள்ளைகளை விரட்டாதீர்கள்.