மாமியாரின் பட்டம்: 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' திரைப்படத்தில் ஒரு தாயின் கனவு

ஜியோ பேபி இயக்கத்தில் 2021இல் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்னும் மலையாளத் திரைப்படம் பெரும்பாலும் மருமகளின் கதையாகவே நோக்கப்பட்டுள்ளது. எனினும், மகள் மணமாகிச் சென்றபின் கணவருக்கும் மகனுக்கும் நடுவே தனியொரு பெண்ணாய் அவ்வீட்டைத் தாங்கிய தாயே படத்தின் ஆழ்ந்த அவலத்திற்கு உரியவள் எனலாம்.

விடிந்ததும் கணவரின் கையில் பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொடுப்பதும், அவர் புறப்படுகையில் செருப்பை எடுத்து வைப்பதும், சட்னியைக் கையால் அரைப்பதும் அவளது அன்றாடம். அவள் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்பதை மாமனாரே மருமகளிடம் கூறுகிறார். அதுவும் மருமகள் வேலைக்குச் செல்ல விரும்பியபோது. ஆக, தாயின் கல்வி அவளது பெருமையாக அன்றி, மற்றொருத்தியைத் தடுப்பதற்கான சான்றாகவே வெளிப்படுகிறது.

கருவுற்ற மகளுக்குத் துணையாகச் செல்லும் அவளுக்கு வாய்ப்பது விடுதலையன்று, இடமாற்றமே. ஆயினும், ஆடவரறியாது விண்ணப்பிக்குமாறு தொலைபேசியில் மருமகளுக்குச் சொல்பவளும் அவளே. நிறைவேறாத அவளது கனவு மறைமுகமாகப் புலப்படும் இடம் இது எனலாம்.

இறுதியில் மருமகள் நடனம் பயிற்றுகிறாள். மகன் மறுமணம் புரிகிறான். தாயின் நிலை பற்றிப் படம் மௌனம் சாதிக்கிறது. வெளியேறியவளைப் போற்றும் படைப்பு, வெளியேற இயலாதவளை மறந்துவிடுவது இதன் குறையே.

ஆர். கண்ணன் இதனைத் தமிழில் எடுத்த படம் 2023இல் வெளிவந்தது. பாலக்காட்டு எல்லைக்கு இப்புறமும் அவ்வடுக்களை உண்டு, அத்தாயும் உண்டு.