டென்மார்க்கின் பண்ணை மாளிகைகள்: காத்ததும் மறைத்ததும்

டென்மார்க்கின் பண்ணை மாளிகை என்பது பிரபுவின் வசிப்பிடம் மட்டுமன்று. வயல், காடு, குத்தகைக் குடிகள் ஆகிய அனைத்தையும் ஒரே உடைமையாகப் பிணைத்திருந்த பொருளாதார அமைப்பின் தலைமையிடம் அது. ஃபியூன் தீவில் 1554-இல் ஃபிரான்ஸ் புரோக்கன்ஹூஸ் கட்டி முடித்த எகெஸ்கோவ் மாளிகை இவ்வமைப்பின் செல்வத்தையும் அச்சத்தையும் ஒருசேர உணர்த்துகிறது. 1530-களின் உள்நாட்டுப் போருக்குப் பின் பாதுகாப்பை எண்ணி ஏரிக்குள் ஓக் மரத்தூண்களை அடித்திறக்கி எழுப்பப்பட்ட அம்மாளிகையில், இரு நீண்ட கட்டடங்களை இணைக்கும் தடித்த நடுச்சுவருக்குள்ளேயே இரகசியப் படிக்கட்டும், முற்றுகைக் காலத்துக்கென ஒரு கிணறும் அமைக்கப்பட்டன.

இத்தகைய உடைமைகள் பல, 'ஸ்டாம்ஹூஸ்' எனப்பட்ட முறையால், அதாவது விற்கவோ பங்கிடவோ இயலாமல் ஒரே வாரிசைச் சென்றடையும் ஏற்பாட்டால், தலைமுறைகள் கடந்தும் சிதறாமல் இருந்தன. கட்டடங்களும் காடுகளும் ஓவியங்களும் ஒரே இடத்தில் எஞ்சியிருப்பதற்கு அம்முறை பெரிதும் துணைநின்றது என்பதை நேர்மையான எந்த மதிப்பீடும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆயினும் அந்தப் பாதுகாப்பின் விலையைக் கொடுத்தவர்கள் குடியானவர்களே. 'ஹோவெரி' என்னும் கட்டாய உழைப்பின்படி அவர்கள் தம் குத்தகை நிலத்தோடு பிரபுவின் வயலிலும் கூலியின்றிப் பாடுபட்டனர். 1733-இல் வந்த 'ஸ்டவ்ன்ஸ்போன்' சட்டம், 14 முதல் 36 வயது வரையிலான குடியானவ ஆண்களைப் பிறந்த பண்ணையோடு கட்டிப்போட்டது. 1764-இல் அவ்வரம்பு 4 வயது முதல் 40 வரை விரிந்தது. பணிய மறுத்தவரை, கூரிய விளிம்பையே முதுகாகக் கொண்ட மரக்குதிரையின் மேல் ஏற்றி உட்கார வைக்கும் தண்டனையும் இருந்தது. 1788-இல் நீக்கப்படத் தொடங்கிய ஸ்டவ்ன்ஸ்போன் கட்டு, 1800-இல்தான் முற்றாக அவிழ்ந்தது. ஸ்டாம்ஹூஸ் முறையையோ 1919-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. உடைமையாளர்கள் அரசுக்குத் தீர்வை செலுத்தியதோடு, சிறு விவசாயிகளுக்கெனத் தம் நிலத்தின் ஒரு பகுதியை இழப்பீட்டுக்கு விட்டுக்கொடுக்கவும் நேர்ந்தது.

இன்று எகெஸ்கோவ் போன்ற தனியார் மாளிகைகள், வேளாண்மையோடு நுழைவுக்கட்டண வருவாயும் சேரப் பராமரிக்கப்படுகின்றன. பொதுமக்கள் காணத் திறந்திருப்பது நல்ல மாற்றமே. எனினும் விருந்து மண்டபத்தையும் பூங்காவையும் மட்டும் காட்டும்போது, அவற்றைத் தாங்கிய உழைப்பு பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. யூட்லாந்தின் கம்மெல் எஸ்ட்ரூப்பில், 1930 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் மாளிகையை அடுத்த பண்ணைக் கட்டடங்களிலேயே வேளாண்மை அருங்காட்சியகமும் இயங்குவதால், பிரபுவின் அறையைப் பார்ப்பவர் உழவரின் கருவிகளையும் அதே வளாகத்தில் பார்க்க முடிகிறது. கல்லும் மரமும் எஞ்சியதால் மட்டும் ஒரு வரலாறு காக்கப்பட்டதாகிவிடாது. கட்டாய உழைப்புக்கு ஆளானோரின் வாழ்வும் மாளிகையின் கதைக்குள் இடம்பெறும்போதுதான் இப்பாதுகாப்பு முழுமை பெறும்.