இரண்டாம் விருப்பு வாக்கும் கொழும்புத் தமிழரும்

2024 செப்டெம்பர் 22ஆம் திகதி, இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அனுர குமார திசாநாயக்க 42.31 வீதத்துடன் முன்னின்றாலும் பாதியைத் தாண்டவில்லை. எனவே, அவரும் சஜித் பிரேமதாசவும் தவிர்ந்த வேட்பாளர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளை அதிகாரிகள் மீண்டும் புரட்டிப் பார்த்தார்கள். இருவருக்கும் சேர்த்து அவற்றிலிருந்து கிடைத்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே.

அரசறிவியலாளருக்கு இந்த எண் முக்கியமானது. டொனால்ட் ஹொரோவிட்ஸ் போன்றோர் 1978 யாப்பின் இந்த விருப்பு வாக்கு ஏற்பாட்டை நம்பிக்கையோடு சுட்டிக்காட்டினார்கள். சிறுபான்மையினரின் இரண்டாம் விருப்பு தேவைப்பட்டால் பெரும்பான்மை இனத்து வேட்பாளர் நிதானமாகப் பேசுவார் என்பது அவர்கள் வாதம். அரென்ட் லைப்ஹார்ட் வழி நின்றவர்களோ, தேர்தல் முறையின் தூண்டுதல் போதாது, அதிகாரத்தையே பகிர வேண்டும் என்றார்கள். 1982 முதல் 2019 வரை எல்லோரும் முதல் எண்ணிக்கையிலேயே வென்றதால் இந்த விவாதம் ஏட்டிலேயே நின்றது. 2005இல் மகிந்த ராஜபக்ச மயிரிழையில்தான் பாதியைத் தாண்டினார்: 50.29 வீதம். அப்போதும் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்பு ஏறக்குறைய நடக்கவேயில்லை.

2024இல் பரீட்சை நடந்தது. ஹொரோவிட்ஸின் எதிர்பார்ப்பு பலிக்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள் விழுந்தன. அவரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மாதக்கணக்காக வாதாடினார்கள். இரண்டாம் விருப்பை வைத்துத் தென்னிலங்கையோடு பேரம் பேசலாமா என்ற கேள்விக்கு மட்டும் அந்த வாதங்களில் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஏ. ஜெயரத்தினம் வில்சனின் நூல்கள் தமிழ்த் தேசியத்தை வடக்குக் கிழக்கு நிலத்தோடு இணைத்து விளக்கின. நீல் டிவோட்டா 2004இல் வெளியிட்ட நூல், சிங்களக் கட்சிகள் மொழியை வைத்து ஒன்றையொன்று முந்தியதால் அரச நிறுவனங்களே சிதைந்ததைக் காட்டியது. இரண்டும் தவிர்க்க முடியாத வேலைகள். ஆனால் கொழும்பில் தமிழர் வாழும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்நூல்களில் ஓரமாகவே வருகின்றன. இனங்கள் கலந்து வாக்களிப்பதைப் பற்றிய கோட்பாட்டைச் சோதிக்க இந்தப் பகுதிகளை விடப் பொருத்தமான களம் எது?

தி. மகேஸ்வரனை எடுத்துக்கொள்வோம். காரைநகரைச் சேர்ந்த வர்த்தகர். ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் 2004இல் கொழும்பு மாவட்டத்தில் வென்றார். 2008 ஜனவரி 1ஆம் திகதி, பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் வழிபட வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனோ கணேசன் 2015இலும் 2020இலும் பெரிய கூட்டணிகளின் பட்டியலில் இங்கே வென்று, 2024இல் தோற்றுத் தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் சென்றார். தென்னிலங்கைக் கட்சியின் பட்டியலில் ஒரு தமிழர் நின்றால், ஒரு வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடியும் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்குகளும் இடுகிறார். அந்த மூன்றில் எத்தனை இன எல்லையைக் கடக்கின்றன? யாழ்ப்பாணத்தாரும் மலையகத் தமிழரும் ஒரே ஆளுக்கா இடுகிறார்கள்? ஹொரோவிட்ஸின் கேள்வி உயிரோடு இருப்பது இந்தச் சீட்டில்தான்.

வாக்கை விட அடிப்படையான கேள்வி, இங்கே வசிக்கும் உரிமை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினார்கள். பல பஸ்கள் வவுனியாவுக்குப் போயின. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடையாள அட்டையில் வடக்கு முகவரி இருந்தால் தலைநகரில் தங்கக் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலையில், குடியுரிமை என்பதற்கு என்ன பொருள் மிஞ்சும்? நமது துறை இந்தக் கேள்வியை மனித உரிமை அறிக்கைகளிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது தொகுதி எல்லை நிர்ணயம் மேசையில் இருக்கிறது. 2017இல் மாகாண சபைகளுக்குக் கலப்புத் தேர்தல் முறை சட்டமானது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. மாகாண சபைத் தேர்தல் முடங்கிப்போனது. மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட விகிதாசார முறையில் சிதறி வாழ்பவர்களின் வாக்குகள் ஒன்றுசேரும். தனித் தொகுதிகளாகப் பிரித்தால், கோடு எந்த வீதியில் விழுகிறது என்பதே கொழும்புத் தமிழரின் பிரதிநிதித்துவத்தைத் தீர்மானிக்கும். அந்தக் கோடு வரையப்படும் முன்பே வாக்களிப்பு நிலைய மட்டத்தில் தரவு திரட்டி, எந்தத் தெருவுக்கு என்ன நேரும் என்று கணக்கிட்டுக் காட்ட நம் அரசறிவியல் துறைகளால் முடியும்.