கருப்பாகத் தெரிந்தால் ரத்த நாளம் இல்லை என்று அர்த்தமா?

விழித்திரை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு: ரத்த நாள அடர்த்தி. ஓசிடி ஆஞ்சியோகிராஃபி எடுத்த படத்தில் இத்தனை சதவீதம் ரத்த நாளம் என்று ஒரு எண் தருவார்கள். ஆனால் அந்தக் கருவி நாளத்தை நேரடியாக அளப்பதில்லை.

1961-ல் வந்த ஃப்ளூரசின் முறையில் கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றி, அது விழித்திரை நாளங்களில் ஓடுவதைப் படம் பிடித்தார்கள். சிலருக்குக் குமட்டும், அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரும். 1991-ல் ஓசிடி வந்தது. 2010-களில் அதை வைத்தே, சாயம் இல்லாமல், தந்துகிகள் வரை பார்க்க முடிந்தது. பெரிய சாதனைதான், மறுக்கவே முடியாது.

வேலை செய்யும் விதம், நம்ம பாஷையில் சொன்னா, ஒரு டிஃப். ஒரே இடத்தைச் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்வார்கள். திசு அப்படியே இருக்கும், சிவப்பணுக்கள் நகர்ந்திருக்கும். மாறிய பிக்சல் வெள்ளை, மாறாதது கருப்பு. ஆக, நாம் பார்ப்பது நகர்வின் வரைபடம்.

ரத்தம் ரொம்ப மெதுவா ஓடினால் அந்த இடைவெளிக்குள் போதுமான மாற்றம் இருக்காது. நல்லா இருக்கிற தந்துகியும் கருப்பாகிவிடும். சர்க்கரை நோயில் தந்துகிகளில் வரும் நுண்வீக்கங்களில் சில, சாயப் படத்தில் தெரிந்தும் இதில் தெரியாமல் போவது இதனால்தான். கண்புரை இருந்தால் சிக்னல் குறையும், அதோடு அடர்த்தியும் குறைந்த மாதிரி காட்டும். எதிர்ப்பக்கமும் பிழை உண்டு: மேலே ஓடும் ரத்தத்தின் நிழல் கீழ் அடுக்கில் அசையும், கருவி அங்கேயும் ஒரு நாளம் இருப்பதாக வரைந்துவிடும்.

தந்துகியின் விட்டம் சுமார் 5 முதல் 10 மைக்ரான். கருவியின் பக்கவாட்டுப் பிரிதிறனோ 15 மைக்ரான் அளவில். அதனால் கோடுகள் நிஜத்தைவிடத் தடிமனாகத்தான் விழும். அந்தப் பிக்சல்களை எண்ணித்தான் சதவீதம் போடுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அல்காரிதம் வேறு. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

சரி, இதனால் என்ன? மருந்து கொடுத்த பிறகு அடர்த்தி கூடினால், மூடிய நாளம் திறந்ததா, மந்தமான ஓட்டம் வேகமானதா, அல்லது அன்றைக்கு சிக்னல் நன்றாக இருந்ததா? நோயாளிக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. எண் மட்டும் ஒரே மாதிரி ஏறும்.

ஒரே கருவியில், ஒரே ஆளை, ஒரே சிக்னல் தரத்தில் தொடர்ந்து பார்த்தால் இந்த அளவு பயன்படும். ஆனால் 'நாள அடர்த்தி' என்பதைவிட 'ஓட்டம் தெரிந்த பரப்பு' என்று சொல்வதே நேர்மை. இப்படி ஒரு கட்டுரை கையில் கிடைத்தால் வண்ணப் படத்துக்குப் போகும் முன் செய்முறைப் பகுதியைப் பாருங்க. ஸ்கேன் இடைவெளி, சிக்னல் வலிமை, த்ரெஷோல்ட் மூன்றும் இருக்கா? இல்லைன்னா அந்தச் சதவீதத்தை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.